எந்திரத்துக்கும் ஓர் இலக்கணம்

"தமிழ் படித்தவர்க்குக் கணிப்பொறி உலகில் என்ன வேலை?" என்று தொண்டாமுத்தூர்ப் பகுதிப் பெற்றோர் பலர் என்னைக் கேட்பதுண்டு. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய நியாயமான கவலை அது. அவர்களுக்கு மறுமொழியாக ஒரு சிறு ஆவணத்தைச் சுட்ட விரும்புகிறேன்.

நம் தோட்டக்காரர் வெங்காய மூட்டைகளைத் தாமே சுமப்பதில்லை. எங்கிருந்து எங்கே, எத்தனை மூட்டை என்று ஆளிடம் சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பார். முடிந்ததும் ஆள் வந்து தெரிவிப்பார். கணிப்பொறியில் செயலியின் சுமையை இவ்வாறு ஏற்பதே டி.எம்.ஏ. என்னும் நேரடி நினைவக அணுகற்பொறி. சிறு கருவிகளில் பதிந்துள்ள சில்லுகளில் அப்பொறி எங்குள்ளது, பணி முடிந்ததை எந்தக் குறுக்கீட்டு எண்ணால் அறிவிக்கும் என்பவற்றை லினக்ஸ் பெரும்பாலும் தானே கண்டறிய இயலாது, எழுதித் தரவேண்டும். எழுதும் முறையை வரையறுக்கும் பக்கத்துக்குப் 'பைண்டிங்' என்று பெயர்.

ஆக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் எஸ்900 சில்லுக்கென 2018இல் எழுதப்பட்ட பக்கம் மிகச் சிறியது. பெயர், முகவரி, குறுக்கீடுகள் ஆகியவற்றோடு, 12 தடங்களையும் 46 வேண்டுகோள்களையும் குறிக்கும் எடுத்துக்காட்டும் அதில் உண்டு. குறுக்கீட்டு எண் பிழைபட்டால், பொறி பணியை முடித்தும் செய்தி போய்ச் சேராது. கேட்டவர் காத்தே கிடப்பார்.

குறைவாகச் சொல்லுதல், மிகுதியாகச் சொல்லுதல், மயங்கவைத்தல் ஆகியவற்றை நூலின் குற்றங்களாக நன்னூலார் வகுத்தார். அக்குற்றங்களே இங்கும் குற்றங்கள். இன்று இப்பக்கங்கள் யாமல் வடிவில் எழுதப்படுகின்றன. வடிவப் பிழையைக் கணிப்பொறியே காட்டிவிடும். பொருள் மயக்கத்தைக் காண்பதற்கோ மனிதர் வேண்டும்.

ஏற்கப்பட்ட விதியைப் பழைய கருவிகள் செயலிழக்குமாறு மாற்றலாகாது என்பதும் அத்துறையின் நெறி. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் பணிப்பது திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). மனிதர் மறப்பர், மறைவர். எழுத்தே பின்வருவோர்க்கு அமானிதமாக நிற்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' திட்டச் சில்லு 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. நம் மண்ணில் சில்லுகள் பெருகப் பெருக, அவற்றை ஐயமற விளக்கும் எழுத்தும் பெருகவேண்டும். மாணவச் செல்வங்களே! இலக்கண வகுப்பில் பெறும் சொற்சிக்கனத்தோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெளிவாக எழுதத் தெரிந்தவர்க்கு அவ்வுலகிலும் இடமுண்டு.