தில்லியில் ஒரு கிரேன்காரர்

தில்லியில் கார் வைத்திருப்பவர்கள் 'கிரேன்' என்ற பேச்சைக் கேட்டவுடன் முகம் சுளிப்பது இயல்பு. ஏனெனில், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தந்திருக்கும் அதிகாரத்தின் பேரில், கரோல் பாக்கிலோ லாஜ்பத் நகரிலோ கண்ட இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் புடைவை வாங்கப் போனவர் திரும்புவதற்குள் போக்குவரத்துப் போலீஸார் அதைத் தூக்கிக்கொண்டு போவது இந்த யந்திரத்தைக் கொண்டுதான். அதனால், நடுரோட்டில் வண்டி படுத்துவிட்டதென்று தாமே வரவழைத்த கிரேன்காரரைக்கூட ஜனங்கள் பாதி சந்தேகத்துடனேயே பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைப் போக்குவதே தொழிலில் முதற்காரியம் என்று கருதும் ஒருவரைப் பற்றி, ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திருக்குச் சமீபத்தில் குடியிருக்கும் என் நண்பர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூலமாகவே அம்மனிதரின் வண்டியில், உதவியாள் பையனுக்கும் கியர்த் தண்டுக்கும் நடுவே, எனக்கும் சற்று இடம் கிடைத்தது.

புலந்த்ஷஹர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சிறு வயதிலேயே சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லாரி கிளீனராகச் சேர்ந்து, பிறர் வண்டியை ஓட்டி ஓட்டிக் கடைசியில் கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டவர் அவர். பையன் அவரை 'உஸ்தாத்' என்றுதான் அழைக்கிறான்.

மழைக்காலமாகையால் போன் ஓயவில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்பதற்கு முன்பே, தண்ணீர் எதுவரை ஏறியது, ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று கேட்டுவிடுகிறார். "சாவியைத் தொடாதீர்கள், பாபுஜி, வண்டி கிடக்கட்டும், முதலில் நீங்கள் வெளியே வாருங்கள்" என்பதே அவர் ஒவ்வொருவருக்கும் சொன்ன வார்த்தை. என்ஜினுக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் காற்றை அமுக்குவதுபோல் அமுக்க முடியாதென்றும், பிடிவாதமாகச் சாவியைத் திருப்பினால் உள்ளே ராடு வளைந்து, துடைத்துக் காயவைத்துத் தீர வேண்டிய காரியம் என்ஜினையே பிரிக்கும் செலவாக முடியுமென்றும் எனக்கு விளக்கினார். வெளியே வரச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. 2020 ஜூலையில் மிண்டோ பாலத்தின் கீழ்த் தேங்கிய மழைநீரில் சிறு சரக்கு வண்டியின் ஓட்டுநர் ஒருவர் மாண்டுபோனதைத் தில்லியில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் மறக்கவில்லை.

தௌலா குவானுக்கு அருகே, ரிங் ரோட்டின் ஓரத்தில் வயோதிகத் தம்பதிகள் நின்றிருந்தார்கள். இறங்கிய உஸ்தாத் காரைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளை "மாஜி" என்றழைத்து, வேலிக்கு அப்பால் நிழலில் நிற்கவைத்து, பையனைச் சிவப்பு முக்கோணத்தோடு பின்னால் அனுப்பிய பிறகே கிழவரிடம் வந்தார். கூலி எவ்வளவு, எந்தப் பட்டறைக்கு, வழியில் சுங்கம் உண்டா என்பதெல்லாம் பேசி முடியும் வரையில் அவர் கை காரின் மேல் படவில்லை. பிறகு, கிழவரையும் கூடவே நடக்கவைத்து, பழைய கீறல்கள் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் பிடித்தார். பின்னால் வரக்கூடிய வழக்கை முன்கூட்டியே தீர்த்துவிடும் இந்தச் சாமர்த்தியம் வக்கீல்களுக்குக்கூட எளிதில் வராது.

ஆட்டோமாட்டிக் கியர் வண்டியாகையால் என்ஜின் ஓட்டும் சக்கரங்களைத் தரையில் உருட்டிக்கொண்டு போகலாகாது; என்ஜின் ஓடாதபோது கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது. ஆகவே முழுவதுமாக மேலே ஏற்றும் சாய்தள வண்டிதான் வேண்டும். அதன் தளம் பின்னால் நழுவிச் சாய்கிற ஹைட்ராலிக் சூட்சுமம் எனக்கு விளங்கவில்லை, விசாரிக்கவும் தோன்றவில்லை. என் கவனமெல்லாம் ஒரு சிறு இரும்பு வளையத்தில் இருந்தது.

ஸ்டெப்னிக்கு அடியில் கருவிப் பையில் கிடக்கும் அவ்வளையத்தைக் கிழவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார் போலும். முன் பம்பரில் விரல் நகத்தால் ஒரு சிறு மூடியைப் பெயர்த்து, உள்ளேயிருந்த துளையில் வளையத்தைக் கையாலேயே திருகினார் உஸ்தாத். பல கார்களில் இதன் மரை இடப்புறமாகச் சுற்றுவதால், வழக்கம்போல் வலப்புறம் திருகுகிறவர் பிடிக்கவில்லையென்று அதை எறிந்துவிட்டு, அகப்பட்ட இடத்தில் கொக்கியை மாட்டிப் பம்பரைப் பிய்த்துவிடுகிறாராம். வீல் ஸ்பானரை வளையத்துக்குள் நுழைத்து இறுக்கி, கிழவரையும் ஒருமுறை அசைத்துப் பார்க்கச் சொன்ன பிறகே விஞ்ச் கயிறு நீண்டது. இந்த யந்திரக் குலத்துக்கே ஆதிபுருஷரான எர்னஸ்ட் ஹோம்ஸ், அமெரிக்காவின் சட்டநூகா நகரில், ஓடையில் விழுந்த நண்பரின் காரைப் பலபேர் கூடி மணிக்கணக்கில் இழுத்த அவஸ்தையைக் கண்டு 1916-ல் முதல் வண்டியைச் செய்தார் என்பார்கள்.

இவ்வளவு சிரத்தைக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பெரும்பாலான வேலைகள், வண்டி வழியில் நின்றால் உதவுவதாகச் சொல்லி இன்ஷூரன்ஸோடு சேர்த்து வருஷ சந்தா வசூலிக்கும் ஸ்தாபனங்கள் மூலம் வருகின்றன. சந்தா முன்பணமாக அவர்கள் பெட்டிக்குப் போய்விடுகிறது. இவருக்கோ போன தூரத்துக்கு மட்டும் கூலி, வெறுமனே திரும்பிவரும் தூரத்துக்கு ஒன்றுமில்லை, அதுவும் வாரங்கள் கழித்து. மழையில் முழங்காலளவு சேற்றில் படுத்துக் கொக்கி மாட்டாதவன், மாட்டியவனுடைய கூலியைத் தன் வசதிப்படி நிறுத்திவைப்பதற்கு நாகரிகமான பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரமச் சந்திப்பின் நெரிசலில் சிக்கித் தாமதமானால் நட்சத்திர மதிப்பீடு குறைகிறது. குறைந்தால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போகிறது. வழி அடைபட்டிருந்ததற்கு இவர் என்ன செய்வார்?

உஸ்தாத் என்னைப்போல் பிரசங்கம் செய்யவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரும் இறங்கும்போது, ஸ்தாபனத்தின் வேலையாயிருந்தாலும், தம் சொந்த எண் அச்சிட்ட சீட்டொன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார். அது ஸ்தாபனத்துக்குத் தெரிந்தால் ஆட்சேபிப்பார்களே என்றேன். இப்போது வரும் அழைப்புகளில் ஏறக்குறைய பாதி அந்தச் சீட்டைப் பார்த்து வருகிறவைதான் என்றும், அப்படி அழைப்பவர்கள் பட்டறையிலேயே பணத்தைக் கையில் எண்ணிக் கொடுத்துவிடுகிறார்களென்றும் சொல்லி, வண்டியை மாயாபுரி பக்கம் திருப்பினார்.