தொரோனேயும் அதிரசப் பாகும்

இத்தாலியின் டூரின் நகரில் ஈராண்டு வேலை பார்த்தபோது, 78 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவரைச் ‘சின்யோரா’ என்றே அழைப்பேன். அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது.

டிசம்பர் 8 அங்கு பொது விடுமுறை. பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பது அன்றுதான். காலையிலேயே சின்யோரா என் கதவைத் தட்டினார். “இன்றைக்கு உன் கை எனக்கு வேண்டும்” என்றார். மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் சரியாக மடங்காது. போன கிறிஸ்துமசுக்கு முதன்முறையாகத் தொரோனேயைக் கடையில் வாங்கினாராம். ஏதோ தப்பு செய்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைச் சொன்னார்.

தொரோனே என்பது தேன், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, கொட்டைகள் சேர்த்துச் செய்யும் பண்டிகை மிட்டாய். சின்யோரா வீட்டில் அதில் சாக்லெட்டும் சேரும். கொட்டை என்றால் அந்தப் பக்கத்தில் ஹேசல்நட்தான். பியெமோந்தே மாநிலத்துக் குன்றுகளில் விளைவது. நெப்போலியன் காலத்தில் கொக்கோ அரிதானபோது ஹேசல்நட்டை அரைத்துக் கலந்து ஒப்பேற்றினார்கள் என்று டூரின்காரர்கள் கதை சொல்வார்கள். அந்தக் கலவையில் செய்த ‘ஜாந்துயோத்தோ’ சாக்லெட் 1865ல் கார்னிவல் விழாவில் அறிமுகமானது. நம் பிள்ளைகள் ரொட்டியில் தடவித் தின்னும் நுத்தெல்லாவும் 1964ல் இதே மாநிலத்து ஆல்பா நகரில் பிறந்ததுதான்.

அரைக் கிலோ ஹேசல்நட்டை ஓவனில் வறுத்து, சூட்டோடு துணியில் கொட்டித் தேய்த்தால் தோல் உதிர்ந்துவிடும். அது எளிது. தேன்தான் வேலை வாங்கியது. கொதிக்கும் நீரின்மேல் வைத்த பாத்திரத்தில் 200 கிராம் தேனை ஊற்றி, மரக்கரண்டியால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிண்டினேன். அடித்த வெள்ளைக்கருவைச் சேர்த்ததும் நுரைத்து வெளுத்தது. பிறகு சர்க்கரைப் பாகு. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சின்யோரா ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு அழுத்திப் பார்த்தார். “அங்கோரா” என்றார். இன்னும்.

அப்போது அம்மாவின் காணொளி அழைப்பு வந்தது. டூரினில் பிற்பகல் 2 மணி, சிங்கப்பூரில் இரவு 9. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவிட்டுக் கிண்டினேன்.

“என்னய்யா பண்றே?”

“பண்டிகைக்கு மிட்டாய் கிண்டுறேம்மா.”

அம்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்குக் கிண்டத் தெரியுமா?” என்றார்.

குரலில் கோபமில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதிரசப் பாகில் மாவைப் போட்டுக் கிண்டும்போது, “கொஞ்சம் பிடிய்யா” என்று கூப்பிடுவார். எனக்குப் பரீட்சை இருக்கும், பந்து விளையாட்டு இருக்கும், பிறகு அலுவலக வேலை இருக்கும். ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அந்த ஆண்டு தோள்வலியால் அதிரசத்தைத் தேக்காவில் வாங்கியதாகச் சொன்னபோது, “நல்லதாப் போச்சு, வேலை மிச்சம்” என்று சொன்னவன் நான்.

சின்யோரா இன்னொரு சொட்டை நீரில் விட்டு, கிண்ணத்தைக் கைப்பேசிமுன் காட்டினார்.

“கையில ஒட்டுது பாரு. இன்னும் பதம் வரல, விடாம கிண்டு” என்றார் அம்மா.

“அங்கோரா” என்றார் சின்யோரா.

இருபது நிமிடம் கழித்துச் சொட்டு உறைந்தது, ஒடித்தால் முறிந்தது. உருக்கிய சாக்லெட்டையும் சூடான கொட்டைகளையும் கொட்டினோம். கொட்டை ஆறியிருந்தால் கலவை சட்டென்று இறுகி, கரண்டி அசையாதாம். மெல்லிய அப்பளம் போன்ற ‘ஓஸ்தியா’ தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே பலகை வைத்து, சின்யோராவின் கணவர் விட்டுச்சென்ற தடித்த புத்தகங்களை அடுக்கினோம். அம்மா அதுவரை அழைப்பைத் துண்டிக்கவில்லை.

புத்தாண்டு விடுமுறைக்கு ஒரு டப்பா கொண்டுவந்தேன். நம்மூர் ஈரக்காற்றில் இரண்டே நாளில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அம்மா கத்தியால் நெம்பி ஒரு துண்டை வாயில் போட்டார். “பதம் சரியாத்தான் வந்திருக்கு. இங்க காத்துதான் சரியில்ல.”

அடுத்த தீபாவளிக்கு வேலை முடிந்து திரும்பியிருந்தேன். வெல்லம் காய்ச்சும் வாசம் வந்தது. அம்மா கூப்பிடவில்லை. நானே போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, “போதுமாம்மா?” என்று கேட்டேன்.

கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கோரா” என்றார்.