ஆறு மாதம் மூடிக்கொள்ளும் மலை

பத்ரிநாத் கோயிலின் நடை ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் சாத்தியே இருக்கும். சித்திரையில் திறப்பார்கள், கார்த்திகை பிறக்கும் சமயத்தில் மூடிவிடுவார்கள். உத்தவர், குபேரர் திருமேனிகள் கீழே பாண்டுகேஷ்வருக்கு இறங்கிவிடும். ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்குப் போய்விடும். கோடையில் மனிதர்கள் செய்யும் பூஜையைக் குளிர்காலத்தில் நாரதர் செய்கிறார் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. உத்தராகண்டின் கர்வால் மலைப் பாதைகளில் நடந்தபோது, இந்த ஆறு மாதக் கணக்கு கோயிலுக்கு மட்டுமானதல்ல என்று புரிந்தது. பூவும் மனிதரும்கூட இதே கணக்கில்தான் வாழ்கிறார்கள்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் சுமார் 300 கிலோமீட்டர். முதலில் கங்கையையும் பிறகு அலக்நந்தாவையும் பிடித்துக்கொண்டே ஏறும் சாலை. எழுபதாவது கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. பாகீரதி நுரைத்து இரைந்து வர, அலக்நந்தா அமைதியாக வந்து சேர்கிறது. ஊர்க்காரர்கள் இரண்டையும் மாமியார், மருமகள் என்கிறார்கள். கங்கை என்ற பெயர் இந்தப் படித்துறையிலிருந்துதான் தொடங்குகிறது. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுவே. ஜோஷிமட் திருப்பிரிதியாகவும் பத்ரி வதரியாகவும் நம் பாசுரங்களில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மனம் இந்தச் சாலையை அறிந்திருக்கிறது என்ற நினைப்பே பெரிய துணையாக இருந்தது.

பாண்டுகேஷ்வர் தாண்டி லாம்பகட் அருகே மலை சரிந்து வழி அடைபட்டது. மழைக்காலத்தில் அங்கே அது வழக்கம். எங்கள் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "பையா, எப்போது வழி திறப்பார்கள்?" என்றேன். "மலை விழுந்து முடியட்டும் ஜி, அப்புறம் திறப்பார்கள்" என்றார். குரலில் சலிப்பே இல்லை. ஜேசிபி ஒரு பக்கம் மண்ணைத் தள்ள, மேலிருந்து கூழாங்கற்கள் உருண்டுகொண்டே இருந்தன. அந்தச் சரிவை அவர் பார்த்த பார்வையில், வீட்டுப் பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவரின் மரியாதை இருந்தது.

மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போக, புல்னாவிலிருந்து காங்ரியா வரை நடை, சுமார் 10 கிலோமீட்டர். முதுகுக் கூடையில் முதியவர்களைச் சுமந்து ஏறும் தொழிலாளிகளில் பலர் நேபாளத்திலிருந்து வருபவர்கள். காங்ரியாவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சீக்கியர்களின் தலமான ஹேம்குண்ட் சாகிபுக்கு, மற்றொன்று மலர்ப் பள்ளத்தாக்குக்கு.

1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத், மழையில் வழி மாறி இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினார். உலகம் இதை அறிந்தது அப்படித்தான். மேய்ச்சல்காரர்களுக்கு இது முன்பே தெரிந்த இடம். 1982இல் தேசியப் பூங்காவானது. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை. மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும்.

பனி உருகியதும் இங்கே செடிகளுக்குக் கிடைப்பது நான்கைந்து மாதம்தான். அதற்குள் முளைத்து, பூத்து, விதையும் போட்டுவிட வேண்டும். என் தோளுக்கு மேல் வளர்ந்து நின்ற இளஞ்சிவப்புப் பூக்கள் நம் வீட்டுக் காசித்தும்பையின் இனம். முற்றிய காயைத் தொட்டதும் அதே போல வெடித்து விதை தெறித்தது. பாறை இடுக்கில் ஒரு நீல பாப்பி: நனைந்த பட்டுத் துணி போன்ற நான்கே இதழ்கள், தண்டெங்கும் மெல்லிய முள். ஹேம்குண்ட் ஏறும் வழியில், 4,000 மீட்டருக்கு மேல் பிரம்மகமலம். வெளிறிய மடல்கள் உள்ளேயிருக்கும் ஊதாப் பூக்களைக் குளிரிலிருந்து போர்த்திக் காக்கின்றன. ஏரிக்கரை குருத்வாராவில் சுடச்சுடக் கிச்சடியும் தேநீரும் தருகிறார்கள். நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கும் இரவு தங்க முடியாது. பிற்பகலுக்குள் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள்.

பத்ரிநாத்துக்கு அப்பால் திபெத் எல்லையை ஒட்டிய மாணா கிராமம். போட்டியா மக்கள் வாழும் ஊர். 1962 போருக்கு முன்பு வரை இவர்கள் கணவாய் தாண்டி திபெத்தோடு உப்பும் கம்பளியும் வணிகம் செய்தவர்கள். ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் தக்ளியில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். வலது கை தக்ளியைச் சுழற்ற, இடது கையிலிருந்த கம்பளிப் பொதி நூலாக இறங்கியது. பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை. "மாதாஜி, பனியில் என்ன செய்வீர்கள்?" என்றேன். "பகவானே நடையைச் சாத்திக்கொள்கிறார், நாங்கள் மட்டும் இங்கே எதற்கு, பேட்டா? வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே கோபேஷ்வர் பக்கம் போய்விடுவோம்" என்றார். நடை சாத்தும் நாளில் பத்ரிநாதருக்குப் போர்த்தப்படும் நெய் தோய்ந்த கம்பளியை நெய்து தருபவர்கள் இந்த ஊர்ப் பெண்கள்தாம்.

யாத்திரை, இயற்கை, மலையேற்றம் என்று சுற்றுலாத் துறை இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. இங்கே மூன்றுக்கும் விதி ஒன்றுதான்: காலம் வரும்போது வா, காலம் முடிந்தால் இறங்கிவிடு. மலைக்கு ஓய்வு கிடைப்பது இந்த விதியால்தான்.

அந்த ஓய்வை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே மலையில் சாட்சி உண்டு. ஜோஷிமட் பழைய நிலச்சரிவின் மண்மேட்டில் அமைந்த ஊர், பெருங்கட்டுமானம் கூடாது என்று 1976லேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு எச்சரித்தது. கட்டடங்கள் ஏறிக்கொண்டே போயின. 2023 ஜனவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. மரம் வெட்ட வந்தவர்களை 1974இல் கௌராதேவி தலைமையில் பெண்கள் மறித்த ரேணி கிராமம் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். 2021 பிப்ரவரியில் பாறையும் பனியும் சரிந்து பெருவெள்ளம் வந்தது அந்த ஊர் வழியாகத்தான். இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். எல்லாக் காலத்திலும் வண்டி ஓட வேண்டும் என்று இன்று மலையைக் குடைந்து சாலையை அகலப்படுத்துகிறார்கள். எல்லைக்குச் சாலை தேவை. ஊராருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வழி தேவை. யாத்ரீகர்களாகிய நமக்கு அந்த அவசரம் இல்லை.

நீங்களும் போக வேண்டும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். மலர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட். ஆனால் சரிவுகளும் அப்போதுதான் அதிகம். கையில் சில நாட்கள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். சிகரங்கள் தெளிவாகத் தெரிய செப்டம்பர் கடைசி. யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். உயரம் உடலுக்குப் பழகும்படி வழியில் ஓரிரவு தங்கி மேலே ஏறுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவாருங்கள். விடுப்பு குறைவாக இருந்தால் சார்தாம் யாத்திரையின் நான்கு தலங்களையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு தலம், ஒரு பள்ளத்தாக்கு போதும். மற்றதை அடுத்த சித்திரைக்கு வைத்துக்கொள்ளலாம்.