ஒரு கரண்டி வடிகஞ்சி

நாற்பத்தேழாவது வயதில் நான் இத்தாலியச் சமையல் பழக வேண்டி வரும் என்று என் ஜாதகத்தைக் கணித்த பெரியவர் எழுதி வைக்கவில்லை. வாகன யோகம் உண்டு என்று எழுதினார்; அது ஒரு பழைய ஸ்கூட்டர் அளவில் பலித்தது. சர்க்கரை யோகமும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முன்னதாகவே கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர் மூன்று மாதச் சராசரி 9.2 என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில், ஏதோ போகிற போக்கில் சொல்வதைப்போல, "சோற்றைப் பாதியாக்கி விடுங்கள்" என்றார். அங்கேதான் எனக்குத் திக்கென்றது.

நாஞ்சில் என்றால் கலப்பை. ஒரு நாட்டுக்கே கலப்பையின் பெயரை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாங்கள். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கு நெற்களஞ்சியமாக இருந்த தாலுகாக்கள். பேச்சிப்பாறையில் அணை கட்டி 1906-இல் முடித்ததே இந்த வயல்களுக்காகத்தான். வருஷத்தில் கன்னிப்பூ ஒன்று, கும்பப்பூ ஒன்று. கல்யாணமோ கடன் அடைப்போ எல்லாம் இந்த இரண்டு பூவை வைத்துத்தான் பேசப்படும். இப்போது பாதி வயலில் வாழை நிற்கிறது; மீதியில் பல இடங்களில் கல் நட்டு மனை போட்டிருக்கிறார்கள். வயல் போனாலும் வயிறு போகவில்லை. மத்தியானம் ஒரு குன்று சோறு, அதில் பருப்பு, பிறகு சாம்பார், பிறகு புளிசேரி, ரசம், மோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சோறு. நூறு கிராம் அரிசியில் எழுபத்தெட்டு கிராம் மாவுச்சத்து என்கிறார்கள். என் குன்றில் எத்தனை கிராம் இருந்தது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் பயம் சோற்றைப் பற்றியது மட்டுமல்ல. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுவதும் வெறும் சமையல் குறிப்பாகிவிடும்.

அப்பாவுக்கும் சர்க்கரை. பறக்கைப் பத்தில் அவருக்கு வயல் இருந்தது. வரப்பில் வெறுங்காலுடன் நடப்பார். காலில் ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புண் விரலைத் தாண்டிவிட்டது. 2001-இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவருடைய சோற்றுக்கு நான் அதிகாரி ஆனேன். ஒரு பித்தளை டம்ளரை அளவாக வைத்துக்கொண்டேன். ஒரு நாள், அம்மை மீன் குழம்பு வைத்திருந்தாள், அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு கை போடு மக்கா" என்றார். "போதும்ப்பா" என்றேன். டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு 2003-இல் கண்ணை மூடும்வரை அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா, மாட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பித்தளை டம்ளர் என் மனைவியின் கைக்கு வந்தது. அவள் அளந்து போட்டாள். ஒரு வாரம் கழித்துக் கவனித்தேன். குழம்புக்கு அடியில், அவியலுக்குப் பின்னால், ஒரு கைப்பிடி சோறு ஒளிந்துகொண்டிருக்கிறது. மனைவி அடுக்களைக்குத் திரும்பும் நேரத்தில் அம்மை வைத்துவிட்டுப் போகிறாள்! எழுபத்தெட்டு வயது, கண் மங்கல், ஆனால் இந்தக் காரியத்தில் கை தவறுவதேயில்லை. நானும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு வந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் இருபது வருஷமாக நேராத சண்டை அன்று நேர்ந்தது. கடைசியில் அம்மை சொன்னாள்: "ஒருத்தரைப் பசியோட அனுப்பியாச்சு. இவனையுமா?"

அப்புறம் நாலு நாள் அடுக்களையில் பாத்திரங்கள் மட்டுமே பேசின.

அந்தச் சமயத்தில்தான் அக்காள் மகள் லீவில் வந்தாள். ரோமாபுரியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். சீலை, சாக்லேட் எல்லாவற்றுக்கும் நடுவே பெட்டிக்குள்ளிருந்து ஒரு கட்டி வந்தது. பெக்கொரினோ என்று பெயர். செம்மறியாட்டுப் பாலில் செய்து மாதக்கணக்கில் முதிரவைத்த சீஸ். "ஏட்டி, ஆட்டுக்கிடை நாத்தம்லா அடிக்கி?" என்று ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பெட்டியிலிருந்த சீலைகளிலும் அந்த வாசனைதான்.

"மாமா, சோத்தைக் குறைச்சா வேற ஏதாவது ருசியா வேணும்லா. வெறும் வயித்தோட எத்தனை நாள் இருப்பிய? நான் ஒண்ணு பண்ணித் தாறேன்" என்றாள். அவள் மனசில் இருந்தது 'காச்சோ எ பெப்பே'. சீஸும் மிளகும் என்று அர்த்தமாம். ரோமாபுரியின் பழைய பலகாரம். கோதுமை இழைகளை வேகவைத்து, சீஸைத் துருவிப்போட்டு, மிளகைப் பொடித்துத் தூவி, வெந்த தண்ணீரிலேயே குழைத்து எடுப்பது. எண்ணெய், வெண்ணெய் ஒன்றும் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் பையில் கெடாமல் கொண்டுபோகக்கூடிய மூன்று சாமான்களைக் கொண்டு உண்டாக்கியது என்று சொல்கிறார்கள்.

மிளகு என்றதும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. நாங்கள் நல்லமிளகு என்கிறோம். இந்த மலைச்சரிவின் சரக்கு அது. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கப்பல் வழிக் குறிப்பில் எங்கள் குமரிமுனையும் வருகிறது, மிளகு ஏற்றும் துறைகளும் வருகின்றன. அதே நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானியர் ஒரு ராத்தல் கருமிளகு நாலு தெனாரியஸ் விற்கிறதே என்று புலம்பினார்; எரிச்சலைத் தவிர அதில் என்ன இருக்கிறதென்று இந்தியாவரை போய் வாங்குகிறார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். 408-இல் அலாரிக் என்ற காத் தலைவன் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது, விலகிப்போகக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. ஆகவே இந்தப் பலகாரத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுடையது என்று மருமகளிடம் சொன்னேன். "சரி மாமா, மிளகை நுணுக்குங்க" என்றாள்.

சிக்கல் கோதுமை இழையில் இருந்தது. உலர்ந்த பாஸ்தாவிலும் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு மாவுச்சத்துத்தான்; அரிசிக்கு அண்ணன் தம்பி. அங்கே சர்க்கரைக்காரர்கள் சீமைச் சுரைக்காயை இழை இழையாகச் சீவிக்கொள்கிறார்களாம். சுரைக்காய்க்கு நான் எங்கே போவது? புறவாசலில் மட்டிக்குலை வெட்டிய வாழை ஒன்று விழுந்து கிடந்தது. மேல்பட்டைகளை உரித்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று தண்டு. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பைசா செலவில்லை.

முதலில் அவள் தண்டை நீளவாக்கில் சீவினாள். பார்க்க அச்சு அசலாக இத்தாலி. வாயில் போட்டால் கயிறு! நாரை எடுக்காமல் தண்டைத் தின்ன முடியுமா? ஆச்சி கட்டிலில் இருந்தபடியே, "வட்டமா அரிஞ்சு, நாரை விரல்ல சுத்துட்டி" என்றாள். வட்டமாக, காகிதம் போல அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்து, வட்டங்களை அடுக்கி மறுபடி நூலாக நறுக்கினோம். நீளம் விரல் அளவுதான் வந்தது. கறுக்காமலிருக்க மோர்த் தண்ணீரில் போட்டு, பிறகு நன்றாக அலசி, உப்பு நீரில் நாலு நிமிஷம் வேகவைத்துப் பிழிந்தாள்.

அதுவரைக்கும் சுபம். துருவிய சீஸில் சுடுதண்ணீரை ஊற்றித் தண்டைப் போட்டுக் கிளறினாள். சீஸ் குழையவில்லை. திரண்டது. திரண்டு, இழுபட்டு, ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் நீராகவும் பிரிந்துகொண்டது. ரப்பர் தோட்டத்தில் சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். இரண்டாவது தடவையும் அதே கதி. அரைக் கட்டி சீஸ் போய்விட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவள் முதியோர் இல்லத்தில் இருபது பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாளாம்.

காரணம் அன்று ராத்திரி அவளுக்கே பிடிபட்டது. பாஸ்தா வேகும்போது அதன் மாவு தண்ணீரில் இறங்கும். அந்தக் கலங்கல் தண்ணீர்தான் சீஸைத் திரளவிடாமல் பால்போலப் பிடித்து வைக்கிறது. தண்டில் மாவு இல்லை. ஆகவே பிடிப்பும் இல்லை. மாவைத் தள்ளத்தான் தண்டுக்கு வந்தோம். மாவில்லாமல் காரியம் ஆகாது என்கிறது தண்டு! நான் கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்ததாகப் பெயர். அயோடினைச் சொட்டினால் மாவு நீலமாகும் என்பதற்கு மேல் ஒன்றும் மிஞ்சவில்லை. மருமகள் டெலிபோனில் தேடிப் படித்துக் காட்டினாள். இத்தாலிய பௌதிகக்காரர்கள் சிலர் உட்கார்ந்து இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். சீஸின் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மாவு இருந்தால் திரளாது. அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் திரளத் தொடங்கும். இதற்காக அவர்களுக்கு 2025-இல் இக் நோபெல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பரிசு அது. எங்கள் அடுக்களையில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கத்தில் நின்று, "கலங்கலா வெள்ளைத் தண்ணி ஒரு கரண்டி கிடைச்சாப் போதும் ஆச்சி" என்று அலுத்துக்கொண்டாள்.

அம்மை நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளைத் தண்ணிக்கா ஏட்டி இந்த வீட்டுல பஞ்சம்? இது சம்பா அரிசி. கொஞ்சம் செவப்பா இருக்கும். பரவால்லியா?"

வடிகஞ்சி! தினமும் மாட்டுக் காடிக்கோ வாழை மூட்டுக்கோ போவது. மருமகள் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். பிறகு ஆச்சியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

கஞ்சியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மிச்சமிருந்த சீஸில் சிறிது சிறிதாக ஊற்றி அடித்தாள். திரளவில்லை. பசு நெய் உருகுவதைப்போல, சற்றே சிவந்த நிறத்தில், மழமழவென்று குழம்பு சேர்ந்தது. சட்டியில் வறுத்த மிளகு, தண்டு, இந்தக் குழம்பு; அடுப்பை அணைத்துவிட்டுப் புரட்டினாள். ருசி எப்படி என்றால், ரோமாபுரியில் இதை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, தெரியாது. தண்டு கறுக் கறுக்கென்று கடிபட்டது. மிளகு மூக்கில் ஏறியது. சீஸ் புளிப்பும் உப்புமாக நாக்கைப் பிடித்தது. உப்பு கொஞ்சம் அதிகந்தான். "ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர் பார்க்கணும் இனி" என்றாள் மனைவி, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே.

இதில் நான் எழுத வேண்டியது ருசியைப் பற்றி அல்ல. கஞ்சியை ஊற்றும்போது அம்மை கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அரைக் கரண்டி ஊற்றிவிட்டு நிறுத்தி, மருமகளைக் கேட்கவில்லை, என் மனைவியைத்தான் கேட்டாள்: "இவ்வளவு விடலாமா மக்கா? அவனுக்கு ஒண்ணும் ஏறாதே?" மூன்று பேருக்கான அந்தக் கஞ்சியில் ஒரு கவளச் சோற்றின் மாவுகூட இராது. மனைவி, "இன்னும் அரைக் கரண்டி விடுங்க அத்தே" என்றாள். அம்மை விட்டாள். அளந்து விட்டாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தட்டும் அதுதான். ஓரத்தில் ஒரு நசுங்கல் உண்டு.

பெக்கொரினோ தீர்ந்தபிறகு நாகர்கோவில் கடைகளில் கிடைக்கும் டப்பா சீஸைப் போட்டுப் பார்த்தோம். அது லேசில் திரளாது, செய்கிறபோதே அதற்கு மருந்து போட்டு விடுகிறார்கள். ஆனால் மிளகுக்கு ஈடுகொடுக்க அதற்குத் திராணி போதாது. வாரத்துக்கு இரண்டு நாள் தண்டு. மற்ற நாட்களில் டம்ளர் அளவுச் சோறும் இரட்டிப்புத் துவரனும். மாத்திரையை விடவில்லை. சாயந்தரம் பறக்கைக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன், செருப்புப் போட்டுக்கொண்டு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 7.6 வந்தது. இதில் தண்டுக்கு எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க டாக்டராலும் முடியவில்லை. குழம்புக்கு அடியில் இப்போது எதுவும் ஒளிந்திருப்பதில்லை. நான் தினமும் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் ரோமாபுரியிலிருந்து கூப்பிட்டாள். டெலிபோனை அம்மையிடம் கொடுத்தோம். வெயிலா மழையா என்று விசாரித்துவிட்டு, அம்மை குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, அங்க வடிகஞ்சி கிடைக்குமா? இல்லைண்ணா சம்பா அரிசி நாலு பக்கா கொடுத்து விடட்டா?" என்று கேட்டாள்.