கேட்டால் கிடைக்கும்

சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணன் எனக்கு மேகக் கணிமை கற்றுத் தந்தார். சேமிப்பு வட்டு வேண்டுமெனில் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. இத்தனை கிகாபைட், இந்த மண்டலம் என்று குறித்து, நிரல் வழியே ஒரு கட்டளை அனுப்பினால் நொடிகளில் கிடைத்துவிடும். அமேசான் இத்தகைய வசதியை 2008-இல் தொடங்கியது.

நான் 100 கிகாபைட் கேட்டேன். மண்டலத்தை மாற்றி எழுதியதால், அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்த கணினியுடன் அது சேரவில்லை. இரண்டும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டுமாம். சரியாக வேறொன்று கேட்டுப் பெற்றேன். முதல் வட்டை அழிக்கவில்லை, அண்ணனிடம் சொல்லவுமில்லை.

சும்மா கிடந்தாலும் வட்டுக்கு வாடகை உண்டு! மாத முடிவில் பில்லைப் பார்த்து அண்ணன் திகைத்தார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அழிக்கும் கட்டளையை என்னையே எழுதச் செய்தார்.

தோழியரே, கேட்பது எளிது. பெற்றதற்குப் பொறுப்பேற்பதே கடினம்.

பத்தாம் வகுப்பு மாணவி