கண்டல் மரத்து அளவு

தேராக் கரையின் மசாலாக் கடைத்தெருவில் ஏலமும் குங்குமப்பூவும் உலர்ந்த எலுமிச்சையும் கலந்த வாசனையைச் சட்டையில் ஏற்றிக்கொண்டு, ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா என்னும் சிறு படகில் கடற்கழியைக் கடந்து, பர்துபாயின் பழைய கடைவீதிக்குள் நுழைகிறவனுக்கு, நாலு எட்டு வைப்பதற்குள் வெயில் அறுந்துபோவதே முதல் ஆச்சரியம். தலைக்கு மேலே உயர்ந்த மரக்கூரை; இரு மருங்கிலும் பட்டும் ஜரிகையும் தொங்கும் துணிக்கடைகள்; சட்டங்களின் இடுக்கில் தப்பி விழுந்த ஒளி மட்டும் தரையில் பட்டை பட்டையாகக் கிடக்கிறது.

இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினங்களிலும் கூரையிட்ட கடைவீதிகள் உண்டு. சௌத்போர்ட்டில் 1898-ல் திறக்கப்பட்ட ஒன்று, வார்ப்பிரும்பும் கண்ணாடிக் கவிமாடமுமாக இன்றும் நிற்கிறது. அங்கே மழையைத் தடுத்துச் சூரியனை வருந்தி அழைக்க வேண்டும். இங்கோ சூரியனை வாசலில் நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விட வேண்டும். வாங்க வந்தவன் சீக்கிரம் வீடு திரும்பிவிடக் கூடாது என்பதில் மட்டும் இரு தேசத்து வியாபாரிகளுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

இப்போதுள்ள கூரை பிற்காலப் புனருத்தாரணத்தில் வந்தது. நிழல் தருவதில் குறையில்லை என்றாலும், அதன் ஒழுங்கு சற்று அதிகம் என்றே எனக்குப் பட்டது. பழைய கூரையின் இலக்கணத்தை அறிய விரும்பியே, தென் ஈரானின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் காற்றுக் கோபுரங்களோடு வீடு கட்டிக் குடியேறிய அல் பஹீதிப் பகுதிக்கு நடந்தேன். பவளப்பாறைக் கல்லை ஜிப்சச் சாந்தால் இணைத்த சுவர்கள். அண்ணாந்து பார்த்தால், மணிக்கட்டைவிடச் சற்றுத் தடித்த கம்புகள் நெருக்கமாகப் பரப்பப்பட்டு, அவற்றின்மேல் ஈச்சம் பாயும், பாயின்மேல் மண்ணும். இக்கம்பை அரபிகள் சந்தல் என்கிறார்கள். நம் பிச்சாவரத்தில் சேற்றுக்குள் கால் பரப்பி நிற்கும் கண்டலின் இனந்தான். ஒலி ஒற்றுமையைச் சொல்லாராய்ச்சிக்காரர் ஒப்புவார்களோ மாட்டார்களோ, எனக்கு அது ஊர்க்காரனைக் கண்டதுபோல் இருந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் லாமுவிலும் ரூபிஜி ஆற்றின் கழிமுகத்திலும் வெட்டப்பட்ட இம்மரங்களை, வாடைக்காற்றில் தெற்கே போய்த் தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கத்தில் திரும்பிய பாய்க்கப்பல்கள் சுமந்து வந்தன. கட்டடத்துக்கு உதவும் கம்பு மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் நீளாது. ஆகவே அறையும் அதற்கு மேல் அகலாது. முத்து வாணிகத்தில் பெரும்பொருள் திரட்டிய சீமான்கூடத் தன் கூடத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாமே தவிர, அகலத்துக்கு எங்கோ ஓர் ஆப்பிரிக்கச் சேற்றில் வளர்ந்த மரத்தின் சம்மதம் வேண்டியிருந்தது.

இந்த எண்ணத்தோடு கடைவீதிக்குத் திரும்பி, கீழக்கரைக்காரர் ஒருவரின் கடையில் சட்டைத்துணி கேட்டேன். அவர் சுருளை உதறி மீட்டர் கோலில் அளக்கத் தொடங்கியதும், ஒரு முழங்கை என் மார்பில் இடித்தது; மறு முழங்கை அலமாரியைத் தட்டியது.

"அண்ணே, கொஞ்சம் வெளியே நின்னுக்கங்க, அளந்துடுறேன்" என்றார். நிழலில் நின்றுகொண்டேன்.