கொழும்பு ஹோட்டல் வாசலும் நம்ம ஊர் கால்களும்

கொழும்புக்குப் போனா ஒரு ராத்திரியாவது கால் ஃபேஸ் ஹோட்டல்ல தங்கிப் பாருங்க. காசு கொஞ்சம் கடிக்கும், ஆனா அனுபவம் வேற. 1864-ல் தொடங்கின ஹோட்டல் அது. சூயஸ் கால்வாய் திறந்ததே அதுக்கு 5 வருஷம் கழிச்சுத்தான். உயரமான கூரை, மரத்தரை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முற்றம், அதை ஒட்டியே கடல். சாயங்காலம் பேக்பைப் ஊதிக் கொடி இறக்குவாங்க. குற்றாலச் சாரலுக்குப் பழகின உடம்புக்கு அந்த உப்புக்காத்து முதல் நாள் பிசுபிசுன்னுதான் இருக்கும். (இறால் வடை சாப்பிடணும்னா வெளியே வந்து காலி முகத்திடல்ல சாப்பிடுங்க.)

ஆனா நான் சொல்ல வந்தது அந்த வாசல்ல நின்ன ஒருத்தரைப் பத்தி.

சாத்துக்குட்டன். நம்ம செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேரளாக்காரர். 1942-ல் அந்த ஹோட்டல்ல வேலைக்குச் சேர்ந்தார். 2014-ல் இறந்தப்போ வயசு 94. வெள்ளை மீசை, வெள்ளை யூனிபார்ம், நெஞ்சு நிறைய பேட்ஜ், கும்பிட்ட கை. நேரு மாதிரி எத்தனையோ பேரை வரவேற்றவர். அவர் படத்துல எல்லாரும் மீசையைப் பார்ப்பாங்க. எனக்குத் தொழில் புத்தி, காலைத்தான் பார்க்கத் தோணுது.

ஏன்னா எல்லாருக்கும் அவர் மாதிரி கால் வாய்க்கிறதில்லை. சீசன்ல லாட்ஜ் வாசல்ல நிக்கிற அண்ணன், கல்லு முன்னாடி நிக்கிற பரோட்டா மாஸ்டர், துணிக்கடைத் தங்கச்சி, எல்லாரும் என் ஓ.பி.க்கு ஒரே கதையோடதான் வர்றாங்க. "சார், சாயங்காலம் ஆனா கால் கனக்குது. காலையில சரியாயிடுது."

நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி ரத்தத்தை மேல தள்ளும். அசையாம நின்னா அந்த பம்ப் வேலை செய்யாது, ரத்தம் கீழேயே தேங்கும். வருஷக்கணக்குல இப்படியே போனா சிரைக்குள்ள இருக்கிற வால்வு கெட்டு நரம்பு சுருண்டு புடைக்கும். அப்புறம் கணுக்கால் கிட்ட அரிப்பு, தோல் கறுப்பு. கடைசியில புண். அந்தப் புண் மாசக்கணக்குல ஆறாது.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் வந்துச்சு. வேலை பார்க்கிறவங்க உட்கார இருக்கை கொடுத்தே ஆகணும். கேரளா 2018-லயே கொண்டுவந்துட்டாங்க. தங்கும் விடுதியும் இந்தச் சட்டத்துக்குள்ளதான் வருது. கடையோ லாட்ஜோ வச்சிருந்தா ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்க, கஸ்டமர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். போட்டிருக்கீங்கன்னா, அதுல உட்கார விடுங்க.

நிக்கிறவங்களுக்கு: அரை மணிக்கொரு தடவை குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்க. ராத்திரி காலைத் தலையணை மேல உயர்த்தி வச்சுப் படுங்க. இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை டாக்டர் பார்க்காம நீங்களா வாங்கி மாட்டாதீங்க, காலுக்கு ரத்த ஓட்டம் குறைவா இருந்தா அதுவே ஆபத்து.

புண் வந்துட்டா மஞ்சள் அப்பிக்கிட்டு இருக்காம பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. திங்கக்கிழமை மட்டும் வேண்டாம், வரிசையில ரொம்ப நேரம் நிக்கணும்.